பதினோரு மரப்பெட்டிகளோடு டெக்சாஸுக்கு

என் தம்பி தாமோதரனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய் எழுபத்திரண்டு நாட்களுக்குப் பிறகுதான் என்னால் அமெரிக்கா போக முடிந்தது. விசா கைக்கு வர அத்தனை நாளாயிற்று. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரி மகளின் பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். “நீங்களும் டெலிவரிக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் இறங்கும்வரை ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்திருப்பாள்.

ஆறுதலுக்கு அங்கே இடமில்லை. தூத்துக்குடி அரசு மருத்துவமனையில் முப்பத்தொரு வருஷம் எக்ஸ்ரேயும், பிற்பாடு ஸ்கேனும் எடுத்தவள் நான். தாமுவின் தலை ஸ்கேனை அண்ணன் மகன் செந்தில் செல்போனில் அனுப்பியிருந்தான். மூளையின் இடது பக்கத்தில் பேச்சுக்கு உரிய இடம் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. அப்படிப்பட்ட கறுப்பை எத்தனையோ பேருக்கு நானே படம் பிடித்திருக்கிறேன். வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் என் முகத்தையே பார்ப்பார்கள். “டாக்டர் சொல்லுவாரு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். இப்போது சொல்ல ஆளில்லாமல் நானே பார்த்துக்கொண்டேன்.

என் திட்டம் எளிமையானது. அவனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டும். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆகியும் நிலைக்கவில்லை. தூத்துக்குடி பிரையண்ட் நகரில் என் வீட்டு முன்னறையில் அவனுக்கென்று ஒரு கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

செந்தில் டெக்சாஸிலிருந்து நியூவார்க் வந்து என்னை அழைத்துப் போனான். ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் பக்கம் பழைய அடுக்குமாடிக் கட்டடம், நான்காவது தளம். ஏப்ரல் மாதம் என்கிறார்கள், மழை ஊசி மாதிரி குத்தியது. லிஃப்ட் வாசலில் ‘பழுது’ என்று காகிதம் ஒட்டியிருந்தது. அந்தக் காகிதமே மங்கிப்போயிருந்தது. இரண்டு தளம் ஏறியதும் நின்று மூச்சு வாங்கினேன்.

“சித்தப்பாவ எப்படிடா ஏத்துனீங்க?”

“ரீஹாப் ஆஸ்பத்திரில இருந்து ரெண்டு பேர் வந்து ஏத்தி விட்டாங்க அத்தை. எறக்குறதத்தான் யாரும் யோசிக்கல.”

தாமு ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். வலது கை மடியில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. “அப்புறம்?” என்றான்.

பேச்சே போய்விட்டது என்றார்களே, இதோ பேசுகிறானே என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை முழுவதும் சொன்னேன். பனிமய மாதா கோயில் தெருவில் தண்ணீர்க் குழாய் போட்டது, அவனோடு படித்த பிச்சையா பேத்தி எடுத்தது, எதிர்வீட்டு நாய் செத்தது. நான் நிறுத்தும்போதெல்லாம் “அப்புறம்?” என்பான். நான் தொடர்வேன். கடைசியில் “தண்ணி வேணுமாடா?” என்று கேட்டேன். “அப்புறம்” என்றான். ஆனால் இடது கை டம்ளரை நோக்கி நீண்டது. செந்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

“அந்த ஒரு வார்த்தைதான் அத்தை இருக்கு. எல்லாத்துக்கும் அதான்.”

அரைமணி நேரம் ஒரு வார்த்தையிடம் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் செந்தில் டெக்சாஸில் தன் ஊரான ரவுண்ட் ராக்குக்குத் திரும்பினான். வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வங்கி ஒன்றுக்குக் கான்ட்ராக்டில் மென்பொருள் வேலை பார்த்தவன் தாமு. கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, அங்கேயே தங்கிக்கொள்ளும் கிரீன் கார்டு மட்டும் கையில் இருந்தது. நீண்ட விமானப் பயணம் இப்போது வேண்டாம் என்று நரம்பு டாக்டர் தடுத்துவிட்டதால், சில மாதம் ரவுண்ட் ராக்கில் செந்தில் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு ஊருக்குக் கூட்டிப் போவது என்று முடிவு. எனக்கு அந்த நாட்டில் இருக்க அனுமதித்திருந்தது ஆறு மாதம்.

அலமாரியைக் காலி செய்யும்போதுதான் அந்தப் பெட்டிகளைப் பார்த்தேன். செங்கல்லை விடக் கொஞ்சம் பெரிய மரப்பெட்டிகள், பதினொன்று. மூடியை மேலே தூக்க முடியாது, பக்கவாட்டில் இழுக்க வேண்டும். உள்ளே கோணல்மாணலாக அறுத்த மெல்லிய மரத்துண்டுகள். ஒரு பக்கம் படம் ஒட்டிய பழுப்புக் காகிதம், மறுபக்கம் வெறும் மரம். முகர்ந்தால் பழைய பள்ளிக்கூட பெஞ்சு வாசனை.

மூன்றாம் தளத்து ஹெலன் வந்து சொன்ன பிறகுதான் அவை என்னவென்று தெரிந்தது. எழுபது தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி, பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தாமு விழுந்து கிடந்ததைக் கண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவள்தான்.

“இவை விக்டோரியா ராணி காலத்து ஜிக்சா புதிர்கள்” என்றாள் ஹெலன். “அப்போது அந்தப் பெயர் இல்லை. பணக்காரக் குழந்தைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்க வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாடு நாடாகக் கையால் அறுத்தார்கள். மூடியில் படம் போட மாட்டார்கள். என்ன வரப்போகிறது என்று தெரியாமலே அடுக்க வேண்டும்.”

நான் தூத்துக்குடியில் பார்த்த பசில்களில் துண்டுகள் ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டு மாட்டிக்கொள்ளும். இவை அப்படியில்லை. ஓரத் துண்டுகள் மட்டும்தான் மாட்டும். நடுவில் இருப்பவை சும்மா பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கீழே லாரி போனால் மேஜை அதிர்ந்து ஐரோப்பா விலகும். தாமு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதைத்தான் செய்வானாம். ஹெலனும் மாடியேறி வந்து உட்காருவாளாம். இருவரும் அதிகம் பேச மாட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவன் எனக்கும் போன் செய்வான். “என்னடா பண்ணிட்டிருக்க?” என்பேன். “ஒண்ணுமில்லக்கா, சும்மா இருக்கேன்” என்பான். பதினெட்டு வருஷமாக அந்தப் பதிலை நம்பிக்கொண்டிருந்தேன். தனியாகக் கிடக்கிறானே என்று போனை வைத்ததும் அழுதுமிருக்கிறேன்.

ஐரோப்பாப் பெட்டி மூடியின் உட்புறத்தில் பென்சிலில் ஏதோ கிறுக்கியிருந்தது. ஹெலன் கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். “டென்மார்க்கைக் காணோம். நான் தொலைக்கவில்லை.” எந்தக் குழந்தையோ, செத்துத் தலைமுறைகள் ஆகியிருக்கும். தாமு அந்த எழுத்தைக் காட்டிக் காட்டிச் சிரிப்பானாம். இப்போது மூடியை அவன் மடியில் வைத்தேன். எழுத்தின்மேல் விரலை ஓட்டினான். சிரிக்கவில்லை. எழுத்தும் போய்விட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சமைக்க முடியாத நாட்களில் நியூவார்க் அவென்யூவுக்கு நடப்பேன். இட்லி கிடைக்கிறது. சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்கள், யாரிடம் முறையிடுவது? தெரு முழுக்க நம் ஆட்கள். ஒருநாள் நியூபோர்ட் ஆஸ்பத்திரியிலிருந்து ரயிலில் திரும்பும்போது பின்னால் இரண்டு தமிழ்ப் பையன்கள். ஒருவன் சொன்னான், “மச்சி, கிரீன் கார்டு வர்ற வரைக்கும் எனக்கு ஒடம்புக்கு எதுவும் வரக் கூடாதுடா. வந்துச்சு, அவ்ளோதான்.” மற்றவன் சிரித்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஊர் ரயிலாக இருந்தால் திரும்பி, “வாயக் கழுவுப்பா” என்று சொல்லியிருப்பேன்.

கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் ஹெலன் ஒரு கட்டு வெள்ளை நாடா கொண்டுவந்தாள். ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு சுற்றுக் கட்டி, கையோடு எடுத்துப் போகச் சொன்னாள். “மூடி வழுக்கும். கலந்துவிட்டால் பிரிக்கவே முடியாது” என்றாள். சரி சரி என்று தலையாட்டினேன்.

கட்டவில்லை. கிளம்பும் அன்று காலையில் தாமு குளியலறையில் சறுக்கினான். அவனைத் துடைத்து, உடை மாற்றி, மருந்துகளை எடுத்துவைத்து முடிப்பதற்குள் கார் கீழே வந்துவிட்டது. கைப்பை முழுவதும் மாத்திரை, மாற்றுத்துணி, டயப்பர். பெட்டிகளைப் பெரிய சூட்கேஸில் வரிசையாக அடுக்கினேன். இடுக்குகளில் நான் கொண்டுவந்த பருப்புப் பொடி, முறுக்கு, அவன் சட்டைகள். மரப்பெட்டிதானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். நினைத்தது நான்தான். அவசரத்தின்மேல் பழி போட இப்போதும் மனம் வரவில்லை.

நான்கு தளம் இறங்க நாற்பது நிமிஷம். கார் ஓட்டி வந்த எத்தியோப்பியாக்காரர் தானாகவே மேலே ஏறிவந்து தாமுவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “என் அப்பாவுக்கும் இப்படித்தான்” என்றார். இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அடுத்த படியைக் காட்டினார். ஹெலன் வாசலில் நின்று தாமுவின் கன்னத்தைத் தொட்டாள். அவன் “அப்புறம்” என்றான். அவள் ஆங்கிலத்தில் “ஆமாம்” என்றாள்.

ரவுண்ட் ராக்கில் செந்தில் வீட்டுக் கூடத்தில் அன்று மாலை சூட்கேஸைத் திறந்தேன். திறந்ததும் மிளகாய் நெடி அடித்தது. வழியில் விமான நிலையத்தில் யாரோ திறந்து சோதித்துவிட்டுத் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள், பிறகு எங்கோ அது தலைகுப்புற விழுந்திருக்கிறது. பதினோரு பெட்டிகளில் ஒன்பது திறந்து கிடந்தன. துண்டுகளெல்லாம் சூட்கேஸின் அடியில் ஒரே குவியலாக, பருப்புப் பொடியும் முறுக்குத் தூளும் சட்டைப் பொத்தான்களும் சேர்ந்து கிடந்தன. ஒரு துண்டில் இருந்த ராஜாவின் தலையில் பருப்புப் பொடி அப்பியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், ராஜாவின் முகம் துணியோடு வந்துவிட்டது.

செந்தில் மனைவி அனிதா ஓடிவந்து, “அத்தை, வெயிட் வெயிட், தண்ணி படக் கூடாது!” என்று என் கையைப் பிடித்தாள். அதற்குள் சோபாவில் இருந்த தாமு பார்த்துவிட்டான்.

அவனிடமிருந்து வந்த சத்தத்தை எப்படிச் சொல்வது? அது அழுகை இல்லை. ஆஸ்பத்திரியில் கைமுறிந்த குழந்தைகளை மேஜையில் நேராகப் படுக்கவைக்கும்போது ஒரு சத்தம் வரும், அப்படி. அது நிற்க வெகுநேரமாயிற்று. “நான்தான்டா கட்டல. நாடா குடுத்தா, நான் கட்டல” என்று அவன் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். அவனுக்குப் புரிந்ததா தெரியாது. முகத்தைச் சோபாவின் முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அதன்பிறகு பதினாறு நாள் அவன் அந்தப் பக்கமே பார்த்துப் படுத்திருந்தான். “அப்புறம்” கூட நின்றுபோயிற்று. கஞ்சியை வாயில் வைத்தால் விழுங்குவான், கேட்க மாட்டான்.

டெக்சாஸ் வெயில் அப்படியே எங்கள் ஊர் வெயில், கடல்காற்று மட்டும் கிடையாது. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரிப் புல். செந்திலும் அனிதாவும் காலையில் வேலைக்குப் போனால் மாலைவரை மனித முகமே கிடையாது. ஒருநாள் மோர்மிளகாய்க்காக இந்தியக் கடையைத் தேடி நடந்தேன். பாதி வழியில் நடைபாதை முடிந்துவிட்டது. அதற்குமேல் சாலை கார்களுக்கு மட்டும்தான். ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, “அம்மா, நீங்கள் வழிதவறிவிட்டீர்களா?” என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார். மோர்மிளகாய் வாங்கவில்லை.

பக்கத்து நகரமான ஆஸ்டினில் புது ஸ்கேன் எடுத்தார்கள். படம் எடுத்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் அவள் திரையைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். வெளியே வந்ததும், “என்ன இருக்கிறது?” என்று கேட்டேன். “டாக்டர் சொல்லுவார்” என்று புன்னகைத்து அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். என் வாழ்க்கையில் எத்தனை பேரை அப்படி நிற்கவைத்திருக்கிறேன் என்று அந்த நடையில் நின்று எண்ணப் பார்த்தேன். முடியவில்லை.

அந்த வாரம்தான் சுகிர்தா வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று செந்தில் அலைந்து கண்டுபிடித்திருந்தான். அவள் தாமுவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அறை மூலையில் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்த மரத்துண்டுகளைப் பார்த்தாள்.

“இது என்ன அக்கா?”

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

“அழாதேங்கோ. இதை மேசையில கொட்டுவம்” என்றாள்.

அடுத்த மூன்று நாளும் நானும் அனிதாவும்தான் உட்கார்ந்தோம். தலையணை உறை பரப்பி, உலர்ந்த பிரஷ்ஷால் பொடியைத் தட்டி, படங்களைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தோம். ஆகவில்லை. பாதித் துண்டுகளில் வெறும் வானம், அல்லது வெறும் கடல். எந்தப் பெட்டியின் கடல்? மூன்றாம் நாள் அனிதா, “அத்தை, சாரி, இது சான்ஸே இல்ல” என்று எழுந்துபோனாள். அவளுக்கு மறுநாள் ஆபீசில் ஏதோ முக்கியமான வேலை. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன், எழுந்து போக இடமில்லாமல்.

நான்காம் நாள் காலையில் நான் அடுப்படியில் இருந்தபோது கூடத்தில் ‘டக், டக்’ என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். தாமு தானாகவே கைத்தடியோடு வந்து மேஜைமுன் உட்கார்ந்திருந்தான். நாங்கள் நிமிர்த்தி வைத்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். படம் கீழே, மரம் மேலே. எல்லாவற்றையும் கவிழ்த்து முடிக்க மதியமாகிவிட்டது. அப்புறம் இடது கையால் ஒன்றை எடுப்பான், கட்டைவிரலால் ஓரத்தைத் தடவுவான், கன்னத்தில் வைத்துப் பார்ப்பான், ஒரு குவியலில் வைப்பான்.

மெதுவாகத்தான் எனக்கு விளங்கியது. செம்மரம் போன்றவை ஒரு குவியல், வெளுத்தவை ஒரு குவியல். அதற்குள்ளும் தடித்தவை வேறு, மெல்லியவை வேறு. ரம்பம் அறுத்த கோடு சிலவற்றில் நயமாக இருந்தது, சிலவற்றில் சொரசொரப்பாக. படங்களும் எழுத்துகளும் அவனைக் குழப்பின. மரம் குழப்பவில்லை. சுகிர்தாவுக்குப் போன் செய்தேன்.

“மூளையின்ட வலப்பக்கம் நல்லா இருக்குது அக்கா. வடிவம், தடிப்பு எல்லாம் அங்கதான். விடுங்கோ, செய்யட்டும்” என்றாள். பிறகு, “ஆனா இதால கதை வரும் எண்டு நினைச்சுப் போடாதேங்கோ” என்றாள்.

கதை என்றால் அவர்கள் ஊரில் பேச்சு. வரும் என்றுதான் நான் நினைத்தேன். யாருக்குத்தான் நினைக்காமல் இருக்க முடியும்? ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் அவன் காலையில் எழுந்ததும் மேஜைக்கு வந்துவிடுவான். “அப்புறம்” திரும்பி வந்தது. ஆங்காங்கே இரண்டு மூன்று துண்டு காணாமல் போயிருந்தாலும் மொத்தம் நான்கு புதிர்களை முழுசாகப் பிரித்து அடுக்கினான். எல்லாம் கவிழ்த்தபடியே. அடுக்கி முடித்ததும் மேஜையில் வெறும் பலகைதான் இருக்கும். அதைப் பார்த்து அந்தப் பாதிச் சிரிப்பைச் சிரிப்பான். ஒருநாள் அவன் தூங்கும்போது நானும் செந்திலும் அட்டை வைத்து ஒன்றைத் திருப்பிப் பார்த்தோம். இந்தியா. கீழே ஓரத்தில் இளஞ்சிவப்பில் மெட்ராஸ் மாகாணம், அதில் எறும்பு எழுத்தில் டூட்டிகோரின். மறுநாள் அதைக் காட்டி, “நம்ம ஊர்டா தாமு” என்றேன். அவன் அந்தத் துண்டைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தான்.

ஆகஸ்ட் கடைசியில் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். பேச்சில் இனிமேல் பெரிய மாற்றம் வராது. விமானத்தில் போகலாம். இங்கேயே இருப்பதானால் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைக்கும், சுகிர்தா வாரம் இரண்டு நாள் அங்கே போகிறாள். செந்தில் வாசலில் வைத்து என்னிடம் சொன்னான்.

“அத்தை, நான் எதுவும் சொல்லல. ஊர்ல நைட்டு இன்னொரு அட்டாக் வந்தா நீங்க தனியா எப்படி மேனேஜ் பண்ணுவீங்க? உங்க முட்டிக்கே ஆப்பரேஷன் சொல்லியிருக்காங்க. இங்கன்னா நான் வீக்லி போய்ப் பார்ப்பேன், பிராமிஸ்.”

அவன் சொன்னது முழுக்க நியாயம். ஆனால் வாங்கிப் போட்ட கட்டில் அங்கே கிடக்கிறது. அது மட்டுமா? அந்தப் பெட்டிகளைக் கெடுத்தவள் நான். அவனையும் விட்டுவிட்டுப் போனால் நான் என்ன பிறவி? மூன்று நாள் இரண்டு பக்கமும் யோசித்து, கடைசியில் அவனையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்.

சுகிர்தா இரண்டு படங்கள் கொண்டுவரச் சொன்னாள். தூத்துக்குடியில் என் வீட்டு வாசலில் நான் நிற்கும் படம் ஒன்று. பராமரிப்பு இல்லத்தின் அறையில் செந்தில் நிற்கும் படம் ஒன்று. முந்தின வாரம் தாமுவை அங்கே கூட்டிப் போய்க் காட்டியும் இருந்தோம். படங்களை அட்டையில் ஒட்டி மேஜைமேல் வைத்தாள்.

“அவருக்குக் கொஞ்சம் விளங்குது, கொஞ்சம் விளங்கேல்லை. எது விளங்கினது எண்டு எங்களுக்குத் தெரியாது. அதால ஒரே கேள்விய மூண்டு தரம் கேப்பம். படத்த இடம் மாத்தி மாத்தி வைப்பம்.”

கேட்க வேண்டியது நான். “தாமு, நீ எங்கடா இருக்க? எங்கூட நம்ம ஊருக்கு வாரியா, இங்கயே இருக்கியா?”

நெடுநேரம் பார்த்தான். என் படத்தின்மேல் விரலை வைத்தான்.  செந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சுகிர்தா படங்களை இடம் மாற்றினாள். அதே கேள்வியை அதே குரலில் கேட்க முயன்றேன். இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. இல்லத்தின் படத்தை எடுத்துத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

“பரவாயில்ல, இன்னொருக்காக் கேளுங்கோ” என்றாள் சுகிர்தா.

கேட்டேன். தாமு என்னைப் பார்த்தான். படங்களைப் பார்த்தான். இரண்டையும் கவிழ்த்தான். வெறும் அட்டையின் ஓரங்களைக் கட்டைவிரலால் தடவி, ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தான். பொருந்தவில்லை போலிருக்கிறது. திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தான்.

 சுகிர்தா, “நாளைக்கும் ஒருக்காக் கேக்கலாம் அக்கா. சில நாளையில தெளிவாச் சொல்லுவினம்” என்றாள்.

“போதும்மா” என்றேன்.

செப்டம்பரில் அவனை அந்த இல்லத்தில் சேர்த்தோம். சுத்தமான இடம். ஜன்னலுக்கு வெளியே ஓக் மரம் ஒன்று, அதில் அணில்கள். சாப்பாட்டில் உப்பு கிடையாது, கேட்டால் தனியாகத் தருகிறார்கள். மேஜை வேண்டும் என்று கேட்டு வாங்கி ஜன்னலோரம் போட்டோம். பிரித்து முடித்த நான்கு பெட்டிகளையும் வழியில் திறக்காத இரண்டையும் அலமாரியில் வைத்தேன். மிச்சம் ஐந்து பெட்டிகளின் துண்டுகள் கலந்தபடியே அட்டைப்பெட்டியில் இருந்தன, அதையும் வைத்தேன். ஆறு மாதம் முடிவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது நான் கிளம்பினேன். கடைசி நாள் போனபோது அவன் கவிழ்ந்த துண்டுகளோடு உட்கார்ந்திருந்தான். தலையைத் தடவினேன். நிமிராமலே என் கையை ஓரமாக ஒதுக்கினான், வெளிச்சத்தை மறைத்தேனோ என்னவோ.

ஊருக்கு வந்து நான்கு மாதமாகிறது. செந்தில் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறான். வாராவாரம் போய் வீடியோவில் காட்டுகிறான். பிச்சையா, தெருக்காரர்கள், ஆஸ்பத்திரியில் பழைய ஆட்கள், பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். “ஏன் தம்பியக் கூட்டிட்டு வரல?”

“கேட்டோம். அங்கயே இருக்கேன்னு அவனே சொல்லிட்டான்” என்கிறேன். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். பெரிய ஊர், பெரிய வைத்தியம், அவன் செய்ததுதான் சரி என்கிறார்கள்.

மூன்று தடவை கேட்டேன் என்பதை அவர்களிடம் சொல்வதில்லை. மறுநாள் நான்காவது தடவை கேட்டிருக்கலாம். அவன் தெளிவாக என்னைக் கைகாட்டிவிடுவானோ என்று பயந்துதான் போதும் என்றேன்.